கிளிச்கோவின் இடது தோளும் மண்டபத்துப் பையனின் இடது தோளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

47 சண்டை, 45 வெற்றி, அதில் 41 நாக்அவுட். தோல்வி இரண்டே இரண்டு. உக்ரைனின் ஹெவிவெயிட் வீரர் விட்டாலி கிளிச்கோவின் தொழில்முறை குத்துச்சண்டைக் கணக்கு இது. அந்த இரண்டு தோல்வியிலும், சண்டை நின்ற நேரத்தில் மூன்று நடுவர்களின் புள்ளிச் சீட்டிலும் அவர்தான் முன்னால் இருந்தார். தொழில்முறை ரிங்கில் அவர் ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை. முதல் தோல்வியில் தோள் கிழிந்து அவரே நிறுத்திக்கொண்டார். இரண்டாவதில் கண்ணுக்கு மேல் கிழிந்து டாக்டர் நிறுத்தினார்.

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம் பக்கம் ஒரு கொட்டகையில் நாங்கள் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுக்கிறோம். எங்களிடம் இருக்கும் ஒரே ஹெவிவெயிட் பையனுக்கு அதே இடது தோளில் அதே வகைக் காயம் வந்தது. அவரும் கிக் பாக்ஸிங்கிலிருந்து குத்துச்சண்டைக்கு வந்தவர்தான். ஒரு போட்டியின் நடுவில் சண்டையை நிறுத்தி அவரை நாங்கள் ரிங்கிலிருந்து இறக்கினோம். அதற்காக ஊரில் நிறையப் பேச்சு வந்தது. "கிளிச்கோ மாதிரி பெரிய ஆளெல்லாம் இப்படிப் பாதியில விடுவாங்களா?" என்று ஒருவர் கேட்டார். விட்டிருக்கிறார். விட்டதால் என்ன ஆனது, விடாதபோது என்ன ஆனது என்பதை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. பையனின் பெயர் இதில் வராது.

கிக் பாக்ஸிங்கிலிருந்து வந்தவர்

விட்டாலி 1971 ஜூலை 19 அன்று இன்றைய கிர்கிஸ்தானில் உள்ள பெலோவோத்ஸ்கோயேவில் பிறந்தார். அப்பா சோவியத் விமானப்படை அதிகாரி. வேலை மாற்றலோடு குடும்பமும் ஊர் ஊராகப் போனது. 1985 வாக்கில் கீவ் வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு செர்னோபில் அணு உலை வெடித்தபோது துப்புரவுப் பணிக்குப் போனவர்களில் அந்த அப்பாவும் ஒருவர். 2011-ல் புற்றுநோயில் இறந்தார்.

பையன் முதலில் பெயர் வாங்கியது கிக் பாக்ஸிங்கில். அதில் உலகப் பட்டங்களும் வாங்கினார். ஒரு கசப்பான தோல்வியும் உண்டு: பிரிட்டனின் பெலே ரீட் சுழன்று விட்ட ஒரு உதையில் வீழ்ந்தார். குத்துச்சண்டையில் 1995-ல் ராணுவ உலக விளையாட்டில் தங்கம், அதே ஆண்டு பெர்லின் உலகப் போட்டியில் வெள்ளி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்குப் போயிருக்க வேண்டியவர், தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார். காலில் பட்ட காயத்துக்கு எடுத்த மருந்து என்று பின்னால் சொன்னார். அவர் இடத்தில் தம்பி விளாடிமிர் போய்த் தங்கத்தோடு திரும்பினார். மருந்துக் கடையில் கேட்டு ஊசி போட்டுக்கொள்ளும் நம் பையன்களிடம் இந்தச் சம்பவத்தை நான் தவறாமல் சொல்வேன். காயத்துக்கு என்றாலும் என்ன மருந்து என்று தெரியாமல் உடம்பில் ஏற்றக் கூடாது.

1996 நவம்பர் 16 அன்று அண்ணனும் தம்பியும் ஹாம்பர்க்கில் ஒரே இரவில் தொழில்முறைக்கு வந்தார்கள். விட்டாலிக்குப் பயிற்சியாளர் ஃப்ரிட்ஸ் ஸ்டூனெக். 1999 ஜூன் 26 அன்று லண்டனில் ஹெர்பி ஹைடை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தி டபிள்யூ.பி.ஓ. என்ற அமைப்பின் உலகப் பட்டத்தை எடுத்தார். அதுவரை போட்ட எல்லாச் சண்டையும் நாக்அவுட்.

அவர் நின்ற விதத்தைக் கவனிக்க வேண்டும். உயரம் 2.01 மீட்டர். நிமிர்ந்து நிற்பார், பாரம் பின்காலில் இருக்கும், இடது கை இடுப்புப் பக்கம் தொங்கும். அங்கிருந்துதான் ஜாப், அதாவது முன்னால் நிற்கும் கையின் நேர்க்குத்து, மேலே வரும். உதைக்கும் உதை தடுக்கவும் பழகிய உடம்பு அப்படித்தான் நிற்கும். அந்த உயரத்தில் அது பெரிய வசதி, எதிராளிக்குக் கை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ஆனால் பின்காலில் பாரம் இருந்தால் இடுப்பு குத்தோடு சேர்ந்து போவதில்லை. குத்துக்கான வேலையில் பெரும்பங்கைத் தோள் செய்யும். நம் மாவட்டத்தில் கராத்தே மாஸ்டர்கள் வழியாகக் கிக் பாக்ஸிங் படித்துவிட்டு எங்களிடம் வரும் பையன்களிடம் முதலில் திருத்த வேண்டியதும் இதுதான். உதை போய்விட்டது, நிற்கும் முறை போகவில்லை.

பெர்லின், 2000 ஏப்ரல் 1

எதிராளி கிறிஸ் பேர்ட். கடைசி நேரத்தில் மாற்றாக வந்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மிடில்வெயிட் பிரிவில் வெள்ளி வாங்கியவர். அதாவது 75 கிலோவில் ஆடிப் பழகிய உடம்பு மெதுவாக ஹெவிவெயிட்டுக்கு ஏறியது. கிளிச்கோவைவிட ஏறக்குறைய 15 கிலோ குறைவு, உயரத்திலும் நல்ல வித்தியாசம். போதாக்குறைக்கு இடக்கைக்காரர். தலையை நகர்த்தியே குத்தைக் காற்றில் விடவைப்பதுதான் அவருடைய பலம்.

சுற்றுச் சுற்றாகக் கிளிச்கோதான் ஜெயித்துக்கொண்டிருந்தார். ஆனால் இடையிலேயே இடது தோள் போய்விட்டது. ஒன்பதாவது சுற்று முடிந்து கார்னருக்கு, அதாவது தன் ஆட்கள் நிற்கும் மூலைக்கு, வந்தவர், பத்தாவதுக்கு எழவில்லை. அப்போது நடுவர் சீட்டு 88-83, 88-83, 89-82. மூன்றும் அவர் பக்கம். மீதி மூன்று சுற்றையும் தோற்று, கீழே விழாமல் நின்றிருந்தால்கூடப் பட்டம் அவருடையதுதான். பேர்ட் சாம்பியன் ஆனார். பரிசோதனையில் தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தும் ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருந்தது தெரிந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் அவரைக் கிழித்தார்கள். சாம்பியன் நாற்காலியில் உட்கார்ந்து பட்டத்தைக் கொடுப்பதா, இவருக்கு நெஞ்சில் உரம் இல்லை என்றெல்லாம் பேச்சு. கையொடிந்தும் ஆடிய பழைய சாம்பியன்களின் கதைகளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்கள். அந்தப் பேச்சு மூன்று வருஷம் அவரைவிட்டுப் போகவில்லை.

அந்தத் தோளில் என்ன நடந்தது என்று பார்க்காமல் இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தோள் எப்படிக் கிழிகிறது

தோள் மூட்டின் பந்து பெரிசு, அது உட்காரும் குழி சின்னது, ஆழமும் இல்லை. கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டும் என்பதற்காக எலும்பு இங்கே பிடிப்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடிப்பைக் கொடுப்பது நாலு சின்னத் தசைகளும் அவற்றை எலும்போடு இணைக்கும் நாண்களும். பாய்மரத்தை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவதுபோல, பந்தைக் குழியின் நடுவில் நிறுத்துகின்றன. இதைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். நாலில் மேலே ஓடும் நாண்தான் அதிகம் கிழிவது. மேலே எலும்பு, கீழே பந்து, நடுவில் குறுகின சந்து. கையைத் தோளுக்கு மேல் தூக்கும்போதெல்லாம் அந்தச் சந்துக்குள் இது உரசுகிறது.

குத்து இலக்கில் விழுந்தால் கையின் வேகத்தை எதிராளியின் உடம்பு வாங்கிக்கொள்ளும். குத்து தவறினால் அந்த வேகத்தை யார் நிறுத்துவது? தோளின் பின்பக்கத்து நாண்கள்தான். அவை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும், நாணுக்கு ரொம்பக் கடினமான வேலை அது. 110 கிலோ ஆளின் கை முழு வேகத்தில் காற்றில் போகும்போது அந்தச் சுமை எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். நழுவிக்கொண்டே இருக்கும் சின்ன எதிராளி, ஒன்பது சுற்று, தவறிக்கொண்டே இருக்கும் பெரிய கை. என் கணிப்பில் பேர்ட் ஒரு குத்தும் விடாமலேயே அந்தத் தோளை உடைத்திருக்க முடியும்.

நாண் பாதி கிழிந்த நிலையில் தொடர்ந்து அடித்தால் மீதியும் கிழியும். முழுசாகக் கிழிந்து விலகிய நாணைத் தசை உள்பக்கம் இழுத்துக்கொள்ளும். நாளானால் அந்தத் தசை மெலிந்து கொழுப்பு படியும். அப்புறம் அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய பலம் வருவது கஷ்டம். 28 வயதில் ஜாப் போகும் கையை இழப்பதா, அன்றைய பட்டத்தை இழப்பதா என்பதுதான் அந்த நாற்காலியில் அவர் முன்னால் இருந்த கேள்வி.

அதே ஆண்டு நவம்பர் 25 அன்று ஹானோவரில் டிமோ ஹாஃப்மனோடு ஐரோப்பியப் பட்டத்துக்காக மோதினார். 12 சுற்றும் ஆடி, புள்ளியில் வென்றார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சண்டை கடைசிவரை போனது அதில்தான். எட்டு மாதத்துக்குள், அதே தோளோடு, 12 சுற்று. இடையில் அக்டோபரில் தம்பி விளாடிமிர் கொலோனில் பேர்டைத் தோற்கடித்துப் பட்டத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் பையன்

வயது 22. உயரம் ஆறடிக்கு மேல், எடை 98 கிலோ. வீட்டில் நாட்டுப்படகு. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்பாவோடு கடலுக்குப் போகிறார். கரைவலைக்கு ஆள் குறைந்தால் அதற்கும் போவார், ஐஸ் பெட்டி ஏற்றும் கூலிக்கும் கூப்பிடுவார்கள். அந்த உடம்பைப் பார்த்தால் யாருக்கும் கூப்பிடத் தோன்றும். படகின் ஓரத்தில் நின்று வலை இழுக்கும்போது அவர் இடது கை முன்னால், தோளுக்கு மேலே போய்ப் பிடிக்கும். வலது கை பின்னால் வாங்கும். குத்துச்சண்டையில் ஜாப் போவதும் அதே இடது கை. ஒரே நாண், இரண்டு வேலை.

பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்துப் போகிறார்கள். விசைப்படகில் போகும் பையன்களுக்கு அதனால் பயிற்சி நாள் சுலபமாக அமையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கொட்டகை நிரம்பி வழியும். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே எங்கள் ஹெவிவெயிட் தடைக்காலத்திலும் காலையில் கடலில்தான் இருப்பார், சாயங்காலம் வந்து பேக், அதாவது தொங்கவிட்ட குத்துமூட்டை, அடிப்பார்.

பேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வலைத் துண்டும் துணியும் மணலும் கலந்து நாங்களே கட்டியது. மணல் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் இறங்கும். கடல்காற்றின் ஈரமும் சேர்ந்தால் கீழ்ப்பாதி கல்லாக இறுகிவிடும். உயரமான பையன் நெஞ்சுமட்டத்தில் அடிக்கும்போது மெத்தென்று இருக்கும். உடம்புக் குத்துக்குக் கீழே இறங்கினால் தோள்வரை அதிரும். அவர் கை ஒவ்வொருமுறை கீழே போய்வந்த பிறகும் இடது தோளை ஒரு சுற்று சுற்றிக்கொள்வார். பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அடுத்தது ஸ்பாரிங், ஜோடியோடு மோதிப் பழகுவது. இந்தக் கரையில் 50, 60 கிலோப் பையன்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். 98 கிலோவுக்கு ஜோடி கிடையாது. ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்குப் போனாலும் அதே கதை. சின்னப் பையன்களோடு விட்டால் வலது கையைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிடுவோம். ஜாப் மட்டும். அவர்கள் மீன்குஞ்சுகளாக நழுவுவார்கள், அவர் ஜாப் முழுக்கக் காற்றில் போகும். பெர்லினில் ஒன்பது சுற்றில் நடந்தது எங்கள் கொட்டகையில் சாயங்காலம்தோறும் மெதுவாக நடந்துகொண்டிருந்தது.

போட்டி உள்மாவட்டம் ஒன்றில் நடந்தது. மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிஷம். எதிராளி 92 கிலோவுக்குக் கொஞ்சம்தான் மேலே இருப்பார், நல்ல ஓட்டக்காரர். எங்கள் கணக்கில் இரண்டு சுற்றும் நம் பையனுடையது. இரண்டாவது சுற்றின் கடைசி அரை நிமிஷம் இடது கை போகவே இல்லை. கார்னருக்கு வந்து உட்கார்ந்தார்.

"கையைத் தூக்கு, அப்பு."

"தூக்கிட்டேன் மாஸ்டர்."

நெஞ்சு உயரம் வந்திருந்தது. தோளைக் காதுப் பக்கம் குறுக்கித்தான் அதையும் தூக்கியிருந்தார்.

"தலைக்கு மேல தூக்கு."

"ஒத்தைக் கையிலயே பார்த்துக்கிறேன் மாஸ்டர். ஒரே ஒரு ரவுண்டுதான்."

ரெஃப்ரியிடம் சொல்லி நிறுத்தினோம். கார்னர் விலகிக்கொண்டது என்று சீட்டில் எழுதினார்கள். வெளியே வந்ததும் அவர் சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஜெயிக்கிற புள்ளைய இறக்கிட்டீகளே மாஸ்டர். கடல்ல கை கிழிஞ்சாலும் வலையை விட்டுட்டா வாரோம்?" அவர் சொன்னதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. அந்தக் கேள்விக்கு அங்கே நின்று பதில் சொல்ல முடியாது. வலை பாதியில் நின்றால் அன்றைய பாடு போகும், கூட வந்தவர்களின் பங்கும் போகும். அப்படி வளர்ந்த பையன் தானாகக் கையைக் காட்டி நிறுத்துவான் என்று எதிர்பார்ப்பதே நியாயம் இல்லை. அதனால்தான் அந்த வேலை கார்னரில் இருப்பவருடையது.

மறுநாள் கொட்டகைக்கு வந்தவர் சட்டையை மாட்டும்போது இடது கையை முதலில் நுழைத்து, அப்புறம் வலது பக்கத்தைச் சுற்றி இழுத்தார். தோள் வலிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் போடுவார்கள். பக்கவாட்டில் மெதுவாகக் கையைத் தூக்கச் சொன்னோம். 60 டிகிரி வரை சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் முகம் இறுகியது. 120 தாண்டியதும் வலி குறைந்துவிட்டது. நடுவில் மட்டும் வலிக்கும் இந்த வில் அந்த மேல் நாண் சந்தில் நசுங்குவதன் அடையாளம். இறக்கும்போது பாதியில் கை தடக்கென்று விழுந்தது. மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மேல் நாணில் பாதி கிழிசல். முழுசாகப் போகவில்லை, அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம், மூன்று மாதம் ஒழுங்காகப் பிசியோதெரபி செய்துவிட்டு மறுபடி வாருங்கள் என்றார் எலும்பு டாக்டர்.

லாஸ் ஏஞ்சல்ஸ், 2003 ஜூன் 21

கிளிச்கோவின் இரண்டாவது தோல்வி நேர்மாறான கதை. லெனக்ஸ் லூயிஸோடு மோத வேண்டிய கிர்க் ஜான்சனுக்குக் காயம். அதே நிகழ்ச்சியில் வேறொரு சண்டைக்காக வந்திருந்த கிளிச்கோ, இரண்டு வார அவகாசத்தில் உலகச் சாம்பியனோடு மோத ஒப்புக்கொண்டார். இரண்டாவது சுற்றில் லூயிஸையே ஆட்டிவைத்தார். மூன்றாவதில் லூயிஸின் வலது கை இடது கண்ணுக்கு மேல் ஆழமாகக் கிழித்தது. ஆறாவது சுற்று முடிந்ததும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். கிளிச்கோ ரிங்கில் நின்று கத்தினார், தொடர விடுங்கள் என்று. மூன்று சீட்டிலும் 58-56, அவர் முன்னால். பின்னால் 60 தையல் போட்டார்கள்.

பெர்லினில் ஓடிப்போனவர் என்று எழுதியவர்களே அன்று அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். எனக்கு இதில் உறுத்துவது அதுதான். ஆள் அதே ஆள். முதல்முறை காயம் தோலுக்கு உள்ளே இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவதுமுறை ரத்தமாக வழிந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத காயத்தோடு ஒருவர் நிறுத்தினால் அவரைக் கோழை என்பது நம் ஊரில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இருக்கிறது.

லூயிஸ் அதோடு ஆடவில்லை, 2004 தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். காலியான டபிள்யூ.பி.சி. அமைப்பின் உலகப் பட்டத்தை கிளிச்கோ அந்த ஏப்ரலில் கோரி சாண்டர்ஸை எட்டாவது சுற்றில் நிறுத்தி எடுத்தார். முந்தின ஆண்டு தம்பியை இரண்டே சுற்றில் சாய்த்தவர் அந்த சாண்டர்ஸ். 2005-ல் முழங்கால் போனது, ஓய்வு அறிவித்தார். மூன்று வருஷம் கழித்து, 37 வயதில், 2008 அக்டோபர் 11 அன்று திரும்பி வந்து சாமுவேல் பீட்டரோடு மோதினார். எட்டு சுற்று அடிவாங்கிய பீட்டர் ஒன்பதாவதுக்கு நாற்காலியிலிருந்து எழவில்லை. நடந்த ஊர் பெர்லின்.

நிறுத்தாத சண்டைகள்

2010 அக்டோபரில் ஹாம்பர்க்கில் ஷானன் பிரிக்ஸ். நடுவர் சீட்டில் 120-107, 120-107, 120-105. 12 சுற்றும் ஒருதலையாக அடி. விழவில்லை என்பதற்காக யாரும் நிறுத்தவில்லை. பிரிக்ஸ் நேராக மருத்துவமனைக்குப் போனார். முகத்தில் எலும்பு முறிவு, கையில் பைசெப்ஸ் கிழிந்திருந்தது. தைரியம் என்று அதைப் பாராட்டியவர்கள் உண்டு. அந்தக் கார்னரில் இருந்தவர்கள் ஏழாவது எட்டாவது சுற்றிலேயே சண்டையை நிறுத்தச் சொல்லித் துண்டை எறிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. ஜெயிக்க வழியே இல்லாத ஐந்து சுற்றுக்காக ஒரு முகத்தைக் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

2012 பிப்ரவரி 18, முனிச். டெரெக் சிசோராவோடு. கிளிச்கோவுக்கு 40 வயது, எதிராளி 12 வயது இளையவர். சண்டையின் முதல் பாதியிலேயே இடது தோளில் தசைநார் கிழிந்தது. அதே இடது தோள். இம்முறை நிறுத்தவில்லை. பெரும்பாலும் வலது கையை வைத்தே 12 சுற்றையும் ஓட்டி 118-110, 118-110, 119-111 என்று வென்றார்.

இதைக் காட்டித்தான் எங்கள் பையன் என்னிடம் வாதாடினார். "அவரே ஒத்தைக் கையில ஆடி ஜெயிச்சாரே மாஸ்டர்." ஆடினார், சரி. 40 வயதில், எத்தனையோ பட்டச் சண்டை பார்த்த பிறகு, இன்னும் ஒன்றோ இரண்டோ சண்டைதான் மிச்சம் என்ற நிலையில் ஆடினார். அதற்குப் பிறகு அவர் ஆடியது ஒரே சண்டைதான். 28 வயதில் அதைச் செய்திருந்தால் 40 வயதில் அந்தத் தோள் இருந்திருக்குமா என்பது சந்தேகம். 22 வயதுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது பெர்லின் கணக்கை.

அந்தக் கடைசிச் சண்டை 2012 செப்டம்பர் 8, மாஸ்கோ. மனுவேல் சாருக்குக் கண் பக்கம் கிழிந்து நாலாவது சுற்றில் டாக்டர் நிறுத்தினார். சார் கத்தினார், தொடர விடுங்கள் என்று. லாஸ் ஏஞ்சல்ஸில் தான் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்பதைக் கிளிச்கோ எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தார். 2013 டிசம்பரில் பட்டத்தை விட்டார். 2014-ல் கீவ் மேயர் ஆனார்.

நம் நாட்டிலிருந்தும் ஒன்று. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 1 அன்று, சூப்பர் ஹெவிவெயிட் காலிறுதிக்குச் சதீஷ் குமார் முகத்தில் 13 தையலோடு ஏறினார். எதிரே உஸ்பெகிஸ்தானின் பகோதிர் ஜலோலோவ், உலகச் சாம்பியன், அந்தத் தங்கத்தையும் எடுத்தவர். 0-5 என்று சதீஷ் தோற்றார். டாக்டர் அனுமதித்து ஏறியவர் அவர். ராணுவத்துக்காரர், விவரம் தெரிந்த வயது. அவருக்கு என் மரியாதை முழுசாக உண்டு. ஆனால் தையலும் தோள் நாணும் ஒன்றல்ல. தையல் பிரிந்தால் மறுபடி தைக்கலாம்.

இப்போது என்ன செய்கிறோம்

முதல் தடங்கல் ஓய்வு. குத்துவதை நிறுத்தச் சொல்வது சுலபம், வலை இழுப்பதை யார் நிறுத்துவது? கிளிச்கோவுக்குப் பின்னால் நிறுவனமும் டாக்டர்களும் இருந்தார்கள், தோள் ஆறும்வரை வேறு வேலை கிடையாது. எங்கள் பையன் கை வைக்காத நாளில் வீட்டில் ஒரு பங்கு குறையும். அவர் அப்பாவிடம் போய்ப் பேசினேன்.

"கடலுக்கு வரவேணாம்னு சொல்லலைண்ணே. வலையில இடது கை வைக்க வேணாம்னுதான் சொல்றேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எஞ்சின் பக்கம் உட்காரட்டும். மச்சான் வலை வாங்கட்டும்" என்றார். பிசியோதெரபி திட்டத்தில் இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. வலது கையால் சுக்கான் பிடித்துப் படகை ஓட்டுகிறார், ஐஸ் பெட்டி வேலையை முழுசாக விட்டுவிட்டார். இடது பக்கம் திரும்பிப் படுப்பதும் கூடாது. படகில் சுருண்டு படுக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உடற்பயிற்சி முதலில் தோள்பட்டை எலும்பிலிருந்து தொடங்கியது. முதுகில் அந்த எலும்பு சரியாகச் சரிந்து கொடுத்தால்தான் சந்து திறக்கும். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வெளிப்பக்கம் சுழற்றுவது, அதையே மெதுவாகத் திரும்ப விடுவது. திரும்ப விடும் பகுதிக்குத்தான் நேரம் அதிகம். தவறிய குத்தை நிறுத்தும் வேலையை நாணுக்குக் கற்றுக்கொடுப்பது அதுதான். 98 கிலோ ஆள் விரல் அகல ரப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மற்றப் பையன்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களும் பயிற்சிக்கு முன்னால் அதைச் செய்கிறார்கள்.

நிற்கும் முறையையும் இந்த இடைவெளியில் மாற்றுகிறோம். கையை உபயோகிக்காமல் கால் மட்டும்: முன்காலுக்குப் பாரம் போக வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், குதிகால் எழ வேண்டும். இதற்குக் கரைமணல் நல்ல இடம். பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று மணலில் பதிந்த ஆழத்தைப் பார்த்தாலே தெரியும். பேக்கைப் பிரித்து மணலை எடுத்துவிட்டு முழுக்கத் துணியும் வலையுமாகக் கட்டியாயிற்று. எடை குறைந்துவிட்டது, ஆனால் மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கிறது. சின்னப் பையன்களோடு ஜாப் ஸ்பாரிங் இனிமேல் கிடையாது. மாதத்தில் ஓரிரு நாள் மதுரைக்குக் கூட்டிப்போய் எடை ஒத்த ஜோடியோடு விடுவதாக ஏற்பாடு, அதுவும் தோள் சம்மதித்த பிறகு.

கொட்டகையில் ஒரு விதியும் வைத்திருக்கிறோம். இரண்டு சுற்றுக்கு நடுவில் கார்னருக்கு வரும் எவரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். 48 கிலோப் பையனும் காட்ட வேண்டும். தூக்க முடியவில்லை என்றால் சண்டை முடிந்தது. சீட்டில் யார் முன்னால் என்று கேட்க மாட்டோம். போட்டிக்கு முன்னாலேயே வீட்டாரைக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடுகிறோம், பின்னால் வாசலில் நின்று சொல்வதைவிட இது நல்லது. சித்தப்பாவும் வந்து உட்கார்ந்து கேட்டார்.

இன்றைய நிலவரம்: வலியில்லாமல் கை தலைக்கு மேல் போகிறது. இறக்கும்போது பாதியில் விழுவதில்லை. வெளிப்பக்கச் சுழற்சியில் வலது தோளைவிட இடது இன்னும் பலவீனம்தான். மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடில் குத்தும் பயிற்சியில் வலது கையும் உடம்பு நகர்வும் மட்டும். இடது ஜாப் நிழல்குத்தாகப் பாதி வேகத்தில், கண்ணாடி முன்னால். மூன்று மாதம் முடிந்து மதுரை டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். அடுத்த மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது அதற்குப் பிறகுதான் என்று பையனிடமும் அப்பாவிடமும் சொல்லியாயிற்று.